அரையர் கல்வி: ஸ்ரீவில்லிபுத்தூர் மரபும் யூதர் தொழுகைப் பாடகர் பயிற்சியும்

ஆழ்வார்கள் அருளிய பாசுரங்களை இசையோடும் அபிநயத்தோடும் இறைவன் திருமுன் விண்ணப்பிக்கும் அரையர் சேவை, இன்று தமிழ்நாட்டில் திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய மூன்று திருப்பதிகளிலேயே வழக்கில் உள்ளது. கருநாடக நாட்டு மேல்கோட்டையில் அதன் சுருங்கிய வடிவம் ஒன்று எஞ்சி நிற்கின்றது. இவற்றுள் வில்லிபுத்தூருக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. நாலாயிரத்தின் தொடக்கத்தே நிற்கும் பெரியாழ்வாரும், அவர் திருமகளார் ஆண்டாளும் தோன்றிய ஊர் அது. பெரியாழ்வாரின் 473 பாசுரங்களும் ஆண்டாளின் 173 பாசுரங்களும் பிறந்த இடத்திலேயே அரையர் நாவில் ஒலிக்கும் பேறு பிற ஊர்களுக்கு வாய்க்கவில்லை.

இச்சேவையின் கூத்து நயமும் பத்திச் சுவையும் ஈண்டு நம் ஆராய்ச்சிக்குரியன அல்ல. அரையர் என்பார் எங்ஙனம் அரையர் ஆகின்றார்? அவர்க்குக் கற்பிப்பார் யார்? அக்குடியிற் பிறவாத ஒருவன் அக்கலையைக் கற்க விழையின் அவனுக்கு வழி உண்டா? இவையே இக்கட்டுரையின் வினாக்கள். இவற்றை ஆராயுங்கால், வழிபாட்டு இசையை வாய்மொழியாகப் போற்றிவந்த பிறிதோர் இனத்தாரின் வரலாற்றையும் உடன்வைத்துக் காண்பது பயன் தரும். யூதர் தம் தொழுகைக்கூடங்களில் வழிபாட்டை இசையோடு நடத்தும் பாடகரை ஹஸ்ஸான் என்பர். அப்பாடகரைப் பயிற்றும் முறை கடந்த இருநூறு ஆண்டுகளில் வீட்டிலிருந்து பள்ளிக்கு மாறிற்று. அம்மாற்றத்தால் அவர்கள் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. அரையர் கல்வி இன்று நிற்கும் நிலையில் அவ்விரண்டும் நமக்குப் பாடமாகும்.

அரையர் கற்க வேண்டுவன

அரையன் என்னும் சொல் அரசன் என்பதன் திரிபு. விண்ணப்பம் செய்வார், தம்பிரான்மார், இசைகாரர் எனவும் இவர் வழங்கப்பெறுவர். நாதமுனிகள் நாலாயிரத்தையும் மீட்டு, இசையும் தாளமும் வகுத்துத் தம் மருமக்களாகிய மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் என்னும் இருவர்க்கும் கற்பித்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. அரையர் குடியினர் தம் மரபை அவ்விருவரிடமிருந்தே தொடங்குவர். இக்கலையில் முதல் ஆசிரியரும் முதல் மாணவரும் ஒரே குடும்பத்தினர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்வந்த வழக்கிற்கெல்லாம் அதுவே வித்து.

விழா நாளில் கூம்பிய குல்லாய் அணிந்து, பெருமாள் சூடிக் களைந்த மாலை மார்பிற் புரள, கையில் தாளம் ஏந்தி நிற்கும் அரையரைக் காண்பார், அவர் பாசுரம் பாடுகின்றார் என்று மட்டுமே கருதுவர். உண்மையில் அவர் ஐந்து வேறு திறங்களை ஒருங்கே பயின்றவர். முதலாவது, நாலாயிரத்தையும் பிழையின்றி உருப்போட்டிருத்தல். இரண்டாவது, இசை. நாதமுனிகள் வகுத்த பாகுபாட்டில் இயற்பா ஒழிந்த ஏனைய மூன்று பகுதிகளும் இசைப்பாக்கள். அவற்றுட் பலவற்றிற்குரிய பண்ணும் தாளமும் பழைய பதிப்புகளிற் குறிக்கப்பெற்றுள்ளன. எனினும் இன்று அரையர் பாடும் இசை அப்பண்களை ஒட்டியதன்று. சில சுரங்களுக்குள்ளேயே இயங்கும் தனிப்போக்குடையது. கச்சேரி இசை கேட்டுப் பழகிய செவிக்கு அது எளிதாகத் தோன்றும். ஆனால் எவ்விடத்தில் நீட்டுவது, எச்சொல்லில் தாளம் விழுவது என்பன எழுத்தில் இல்லை. மூன்றாவது, இறைவன் புகழை அடுக்கிக் கூறும் கொண்டாட்டம். நான்காவது, சொற்பொருளைக் கையாலும் கண்ணாலும் காட்டும் அபிநயம். ஐந்தாவது, தம்பிரான் படி என வழங்கும் உரை.

இவ்வைந்தனுள் ஆராய்ச்சியாளர் கருத்தை மிகுதியும் ஈர்க்கத் தக்கது தம்பிரான் படியே. ஆறாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி முதலான உரைகள் அச்சேறி அறிஞர் கைகளில் உலவுகின்றன. தம்பிரான் படியோ அரையர் வாயில் வாழும் உரை. மணிப்பிரவாள நடையில் அமைந்த அது, ஏட்டிலும் கையெழுத்துப் படியிலும் அவ்வக் குடும்பத்தாரால் போற்றப்பட்டு, விழாக் காலத்தில் மனப்பாடமாக ஒப்பிக்கப்படுகின்றது. திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகத்தை அடிப்படையாகக் கொண்டு நிகழும் முத்துக்குறியில், தலைவியின் நோய்க்குக் காரணம் அறிய விழையும் தாயாகவும், முத்துகளைப் பரப்பிக் குறி கூறும் கட்டுவிச்சியாகவும் அரையர் ஒருவரே மாறி மாறி நிற்பார். ஒருவரே இருவராகும் அத்திறம் ஏட்டைப் படித்து வருவதன்று.

இதற்குச் சான்றாகப் பெரியாழ்வார் பாசுரம் பற்றிய செய்தி ஒன்றைக் கூறலாம். கண்ணன் தன்னொத்த பிள்ளைகளை அப்பூச்சி காட்டி அச்சுறுத்தும் விளையாட்டை ஆழ்வார் ஒரு பதிகமாகப் பாடினார். திருவரங்கத்தில் அப்பதிகத்தை அபிநயித்த அரையர், கண்ணிமையைப் புரட்டி அச்சம் காட்டுவதாக அமைத்தாராம். இராமானுசர்க்குப் பின்னே இருந்த எம்பார், தோள்களின்மேல் சங்கும் சக்கரமும் விளங்கக் காட்டுவதாகக் குறிப்பால் உணர்த்தினார். அரையர் அதனை உடனே மேற்கொண்டார். இச்செய்தியை எம்பாரின் நுண்ணறிவுக்குச் சான்றாகவே பலரும் எடுத்துக்காட்டுவர். எமக்கு அது வேறொன்றையும் காட்டுகின்றது. அரையர் கல்வி ஆசிரியரோடு முடிவதன்று. பொருளறிந்து கேட்கும் அவையும் அவர்க்கு ஆசிரியராக இருந்தது. அவை மாறின் கல்வியும் மாறும்.

கற்பிக்கும் முறை

பாசுரம் கற்பிக்கும் முறை வைணவ மரபில் சந்தை எனப்படும். ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணாக்கர் இருமுறை சொல்வர். அடி அடியாகத் தொடங்கி, பாசுரமாகவும் பத்தாகவும் வளர்ந்து செல்லும் இம்முறை, ஏட்டை நோக்காமலே நாலாயிரத்தையும் நெஞ்சில் நிறுத்துவது. இவ்வளவும் திருக்கோயில்களில் கோஷ்டியாகச் சேவிப்பார் அனைவர்க்கும் பொதுவானது. அரையர் வீட்டுப் பிள்ளைக்கு இதன் பின்னரே உண்மையான பயிற்சி தொடங்குகின்றது. தந்தையோ, தந்தையுடன் பிறந்தாரோ பாடக் கேட்டு இசையைப் பற்றிக்கொள்கின்றான். விழாவில் அவர் அருகே நின்று தாளம் தட்டிப் பழகுகின்றான். மார்கழி மாதத்துப் பகல்பத்தில், வில்லிபுத்தூர்க் கோபால விலாசம் என்னும் மண்டபமே அவனுக்குப் பள்ளிக்கூடம். அங்கே பாடத்திட்டமும் தேர்வும் இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையே வரும் நிகழ்ச்சிக்கு ஆண்டுக்கு ஒருமுறையே பயிற்சி வாய்க்கும் என்பதால், பத்து முறை கண்டு கற்பதற்குப் பத்து ஆண்டுகள் செல்லும். ஓராண்டு தவறின் அவ்வாண்டிற்குரிய பாடம் தவறிற்று.

குடிப்பிறப்பு ஒன்றே இக்கல்விக்கு எக்காலத்தும் வாயிலாக இருந்தது எனக் கூறுதல் பொருந்தாது. ஆளவந்தாரின் திருமகனாராகிய திருவரங்கப்பெருமாளரையரிடம் இராமானுசர் அருளிச்செயலும் மறைபொருளும் கற்றார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். ஆறு திங்கள் அவர்க்குப் பால் காய்ச்சிக் கொடுத்தும், மஞ்சட்காப்பு அரைத்துக் கொடுத்தும் தொண்டு செய்தாராம். ஒருநாள் காப்பு அவர் உள்ளத்திற்கு ஒவ்வவில்லை என்பதை முகக்குறிப்பால் உணர்ந்து, மீண்டும் அரைத்துக் கொடுத்தாராம். இராமானுசர் அரையர் ஆகவில்லை. ஆக விழைந்ததும் இல்லை. ஆயினும் அரையரிடம் கற்றார். சேவை செய்யும் உரிமை வேறு, கற்கும் வாய்ப்பு வேறு என்னும் கருத்துக்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை. இன்றைய நிலையில் இவ்விரண்டும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. அரையர் கல்விக்கு வந்துள்ள இடருக்கு அம்மயக்கமே முதற்காரணம் என்பது எம் கருத்து.

உரிமையும் தகுதியும்

அவ்வேறுபாட்டைச் சோழர் காலத்தார் தெளிவாக உணர்ந்திருந்தனர். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்க முதலாம் இராசராசன் 48 பிடாரரை அமர்த்தி, அவர்களுடன் உடுக்கை வாசிப்பார் ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் சேர்த்து, 50 பேர்க்கும் நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல் வகுத்தான். கல்வெட்டு அதனோடு நிற்கவில்லை. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவர்க்கு அணுக்கரான உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். அவர் தகுதியற்றவராயின் தகுதியுடைய ஒருவரைத் தேர்ந்து பாடுவிக்க வேண்டும். உறவினரே இல்லையெனின் அப்பணியிலுள்ள ஏனையோர் கூடித் தக்கவர் ஒருவரைத் தேர வேண்டும் என்று அது விதிக்கின்றது. உறவுக்கு முதலிடம் தந்து, அதனைத் தகுதியால் வரம்பிட்ட ஆட்சித் திறம் வியக்கத்தக்கது. இவ்விதி சைவத் திருப்பதியம் பற்றியதே. எனினும் வழிபாட்டிசையைக் காக்க முற்பட்டார் எதனை எண்ணினர் என்பது இதனால் விளங்கும்.

நம் காலத்துச் சட்டம் வேறு வழியிற் சென்றது. கோயிற் பணிகளுக்குரிய பரம்பரை உரிமையை நீக்கும் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 1970இல் நிறைவேறியது. உச்சநீதிமன்றம் 1972இல் அதனை ஏற்றது. அத்திருத்தம் அரையர்க்கு எவ்வளவு பொருந்தும் என்னும் சட்ட ஆராய்ச்சியில் யாம் புகவில்லை. புக வேண்டிய தேவையும் இல்லை. அரையர் கலையைக் கற்பிக்கும் இடம் அரையர் இல்லம் ஒன்றேயாக இருக்கும்வரை, உரிமையை யார்க்கு வழங்கினும் கற்றவர் அவ்வில்லத்தினின்றே வருதல் வேண்டும். அவ்வில்லத்துப் பிள்ளைகளோ, கோயில் வருவாய் குடும்பத்திற்குப் போதாமையால், பிற தொழில்களை நாடிப் பிற ஊர்களுக்குச் செல்கின்றனர். விழாவிற்கு மட்டும் வந்து சேவை செய்து மீள்வார் தம் மக்களுக்கு எந்நாளில் கற்பிப்பர்? இதனை அவர்கள்மேல் குற்றமாகக் கூறுதல் நேர்மையாகாது.

யூதர் தொழுகைப் பாடகர்

இனி, யூதர் வரலாற்றை நோக்குவோம். யூதர் மரபில் ஹஸ்ஸான் பதவி குடிவழியாக வருவதன்று. கூட்டத்தாரின் சார்பாக இறைவன் முன் நிற்பவர் என்னும் பொருளுடைய பெயர் ஒன்றும் அவர்க்கு உண்டு. வழிபாட்டு நெறியும் நற்குரலும் உடைய எவரும் அப்பதவிக்கு உரியர். ஆயினும் கற்கும் முறை அரையர் முறையை ஒத்தே இருந்தது. திருமறைச் சுருளில் மெய்யெழுத்துகளே இருக்கும். உயிர்க்குறிகளோ இசைக்குறிகளோ இரா. இசைக்குறிகளைப் பத்தாம் நூற்றாண்டில் திபேரியா நகரத்து அறிஞர் செப்பஞ்செய்து நூற்படிகளில் குறித்தனர். எனினும், கூட்டத்தின் நடுவே சுருளை விரித்து ஓதுபவர் அக்குறிகளை முன்னரே நெஞ்சிற் பதித்து வருதல் வேண்டும். குறிகள் எல்லா நாட்டு யூதர்க்கும் ஒன்றே; அவற்றை இசைக்கும் மெட்டோ ஏமன் நாட்டினர்க்கு ஒன்று, பாக்தாத் நகரத்தினர்க்கு ஒன்று, செருமானிய, போலந்து நாட்டினர்க்கு ஒன்று. எழுத்து இருந்தும் இசை எழுத்துக்கு வெளியே நின்ற இந்நிலை, பண் பெயர் ஏட்டில் நிற்க, மெட்டு அரையர் நாவில் நிற்பதனோடு ஒப்புநோக்கத் தக்கது.

ஐரோப்பாவில் ஹஸ்ஸான் ஆக விழையும் சிறுவன், புகழ்பெற்ற பாடகர் ஒருவரின் வீட்டில் தங்கி, அவருக்குத் துணைக்குரல் கொடுத்துக் கற்றான். இத்தகைய துணைப்பாடகர் குழுவோடு ஊர் ஊராகச் சென்று பாடிய ஹஸ்ஸான்கள் பலர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்முறை தளர்ந்தது. வியன்னாவில் சாலமன் சுல்சர் (1804–1890) தொழுகை இசையை மேனாட்டு இசைக்குறிகளில் எழுதி, 1840இல் முதல் தொகுதியை வெளியிட்டார். 1877இல் ஆபிரகாம் பேர், சுவீடன் நாட்டுக் கோதென்பர்க்கிலிருந்து, ஆண்டு முழுமைக்குமுரிய தொழுகை மெட்டுகளைத் தொகுத்தளித்தார். ஆசிரியர் வாயன்றிக் கற்க இயலாதிருந்தது நூலிலும் கற்கலாயிற்று. ஆனால் சுல்சர் எழுதிய இசையில் வியன்னா நகரத்து இசைச்சாயல் ஏறிவிட்டது என்று பின்வந்தோர் குறை கூறினர். எழுதுவோன் செவி எதற்குப் பழகியதோ அதுவே எழுத்தில் இறங்கும். அரையர் இசையைச் சுரப்படுத்த முனைவார் இதனை மறத்தலாகாது. கருநாடக இசைப் பயிற்சி மிகுந்தவர் கையில் அது ஏதேனும் ஓர் இராகமாகவே முடியக்கூடும்.

இவ்வகையில் பெருந்தொண்டு புரிந்தவர் இலாத்விய நாட்டிற் பிறந்த இதல்சோன் (1882–1938). தாமே ஹஸ்ஸானாகிய அவர், 1906இல் எருசலேம் சென்று, அங்குக் குடியேறியிருந்த ஏமன், பாக்தாத், பாரசீக யூதர் முதலானோரின் பாடல்களை ஒலிப்பதிவுக் கருவியிற் பதிந்து, 1914 முதல் 1932 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டார். ஏட்டை ஏட்டோடு ஒப்பிடும் நம் சுவடிப் பதிப்பாசிரியர் முறையை அவர் குரலுக்குக் கையாண்டார் எனலாம்.

அதன் அருமை பின்னரே தெரிந்தது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பிய யூதர் கொல்லப்பட்டபோது, ஹஸ்ஸான்களும் அவர்தம் மாணவரும் அவ்வூர்களோடு அழிந்தனர். அமெரிக்கத் தொழுகைக்கூடங்களுக்குப் பாடகரை அனுப்பிவந்த ஊற்று வறண்டது. அதன் பின்னரே நியூயார்க்கு நகரில் 1948, 1952, 1954 ஆகிய ஆண்டுகளில், சீர்திருத்த நெறியினர், நடுநிலை மரபினர், பழைமை நெறியினர் ஆகிய முத்திறத்தாரும் தத்தம் கல்லூரிகளில் தொழுகைப் பாடகர் பயிற்சித் துறையை அமைத்தனர். மெட்டும் மறைமொழியும் வரலாறும் குரற்பயிற்சியும் அங்குப் பாடங்களாயின. மாணவர் தொழுகைக்கூடங்களிற் பாடியும் பழகினர். வகுப்பறை மட்டும் போதாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். பள்ளி அமைந்ததன் பயனாக, முன் எண்ணிப் பாராத ஒரு மாற்றமும் நேர்ந்தது. முதலாவது பள்ளி 1975இலும் இரண்டாவது பள்ளி 1987இலும் பெண்களைப் பாடகராகப் பட்டமளித்து ஏற்றன. பழைமை நெறியினர் இன்றும் அதனை ஏற்பதில்லை.

நமக்கு அணித்தாயுள்ள கொச்சி யூதர் செய்தியும் ஈண்டுக் கருதத்தக்கது. 1568இல் எழுந்த மட்டாஞ்சேரித் தொழுகைக்கூடம் இன்றும் உள்ளது. அவ்வினத்தார் ஆடவர் எபிரேய வழிபாட்டை நடத்த, மகளிர் திருமணத்திலும் திருநாளிலும் மலையாளப் பாடல்களைப் பாடிவந்தனர். அப்பாடல்களைக் கையேடுகளில் எழுதித் தாய் மகளுக்கு வழங்கினாள். 1950களில் பெரும்பாலார் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அக்கையேடுகளும் உடன் சென்றன. சொல் தப்பியது, பல பாடல்களுக்கு மெட்டு மறந்தது. முதியோர் நினைவிலிருந்த மெட்டுகளை ஆராய்ச்சியாளர் தேடிப் பதிந்தனர். 2004இல் எருசலேமில் ஓர் இசைத்தட்டு வெளியாயிற்று. ஊரைவிட்டு நீங்கிய பின்னர்ப் பதிவதினும் ஊரில் இருக்கும்போதே பதிவது எளிது என்பதைக் கூறவும் வேண்டுமோ?

வில்லிபுத்தூருக்கு வேண்டுவது

தமிழ்நாட்டில் வழிபாட்டிசைக்குப் பள்ளி புதியதன்று. ஓதுவார்க்குத் திருமடங்களும் அறநிலையத் துறையும் நடத்தும் தேவாரப் பள்ளிகள் உள்ளன. 1943இல் தோன்றிய தமிழிசைச் சங்கம் 1949 முதல் பண்ணாராய்ச்சி நிகழ்த்தி வருகின்றது. ஓதுவார் பணியில் மகளிரும் அமர்ந்துள்ளனர். அரையர் இசைக்கு இத்தகைய துணை வாய்க்கவில்லை. தனி முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. ஸ்ரீராம பாரதி என்பார் அரையர்களை அணுகிப் பயின்று, தேவகானம் என்னும் பெயரால் நாலாயிரத்தை இசையோடு பரப்பினார். அரையர் சேவை பற்றி ஆங்கிலத்தில் நூலும் எழுதினார். அவர் அரையர் குடியினர் அல்லர். கோயிலில் அரையரின் இடத்தை வேண்டியவரும் அல்லர். உரிமையைத் தீண்டாமலே கற்க இயலும் என்பதற்கு அவர் சான்று.

ஆதலின் அரையர் உரிமையை யார்க்கு வழங்குவது என்னும் பூசலைத் தொடங்கி அதில் இக்கலையைச் சிக்கவைத்தல் வேண்டா. கற்பிக்கும் வாய்ப்பை விரிப்பதே முதற்பணி. வில்லிபுத்தூரில் ஓர் அரையர் ஆண்டு முழுதும் தங்கிக் கற்பிக்கும் அளவிற்கு ஆசிரியர் ஊதியமும், அக்குடும்பத்துச் சிறார்க்குப் பள்ளிக் கல்வியோடு ஒட்டிய உதவித்தொகையும் வழங்கப்பெறின், ஊரைவிட்டு நீங்க வேண்டிய தேவை குறையும். சந்தை முறையில் பாசுரமும், அரையர் மெட்டும், கொண்டாட்டமும் விழைவார் எவர்க்கும் கற்பிக்கத் தக்கன. இவ்வகுப்பில் பெண்களைச் சேர்த்தலாகாது எனக் கூறுவார், யாருடைய ஊரில் அவ்வாறு கூறுகின்றனர் என்பதை ஒருகணம் எண்ணுவாராக. அபிநயமும் முத்துக்குறியும் விழாவோடு பிரிக்க இயலாதன. அவற்றைக் கற்பார் மண்டபத்தில் அரையர் அருகே இருந்தே கற்றல் வேண்டும். பள்ளி அதற்குத் துணையாகலாமேயன்றி மாற்றாகாது.

ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் இன்று அருஞ்செயல் அல்ல. ஆனால் விழாக் கூட்டத்தில் தொலைவிலிருந்து எடுக்கும் படம் கற்பதற்குப் பயன்படாது. அரையர் தாளத்தை எங்கே தட்டுகின்றார், மூச்சை எங்கே விடுகின்றார் என்பன தெளிவாக விளங்குமாறு, விழாவிற்குப் புறத்தே, அவர் இசைவோடு, ஒரு பாசுரத்தைப் பலமுறை பாடுவித்துப் பதிதல் வேண்டும். மூன்று திருப்பதிகளின் மெட்டுகளையும் இங்ஙனம் பதிந்தால், இதல்சோன் செய்தது போல ஒப்பிட்டு, பொதுவானது எது, ஊர்வழக்கு எது எனத் துணியலாம்.

தம்பிரான் படி ஏடுகளைப் பற்றிய தயக்கம் வேறு வகையினது. அவை தம் குடியின் செல்வம் என்று அரையர் கருதுவது இயல்பே. ஏட்டை வாங்கிச் சென்று திருப்பித் தாராத ஆராய்ச்சியாளர் கதைகள் தமிழ்நாட்டில் எக்குடும்பத்திலும் உண்டு. மூல ஏடு குடும்பத்தை விட்டு அகலாமல், அவ்விடத்திலேயே படமெடுத்து, படியொன்றை அவர்களிடமும் மற்றொன்றை மதுரைப் பல்கலைக்கழகம் போன்ற அணித்தான நிலையம் ஒன்றிலும் வைத்து, அச்சிடும் உரிமையை அவர்களிடமே நிறுத்துதல் வேண்டும். பதிப்பு வெளிவருங்கால் பதிப்பாசிரியர் பெயருக்கு முன்னர் அக்குடியின் பெயர் நிற்றல் முறை.